இன்னொரு தடவை சொல்லுங்க

எங்கள் சபையில் ஆங்கில ஆராதனைக்கு இருபது பேர் வந்தால் அது பண்டிகை. தமிழ் ஆராதனைக்குக் கோயில் நிறைந்து வாசல் வரை நிற்பார்கள். ஆங்கில ஆராதனை அதற்கு முன்னால், பனி விலகாத நேரத்தில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிற சில வயதானவர்களுக்காக நடக்கும். அதில் வேதபாடம் வாசிப்பதற்கு முறை உண்டு. வாரம் ஒருவர் என்று ஏற்பாடு. ஆனால் யாருடைய முறையாக இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத்தான் போன் வரும்.

"டீச்சர், நாளைக்கு எனக்குப் பதிலா நீங்களே வாசிச்சிருங்க. தொண்டை சரியில்லீங்க."

அந்தத் தொண்டைகள் எல்லாம் ஏன் சனிக்கிழமை பார்த்துக் கெட்டுப்போயின என்று எனக்குத் தெரியும். என் முன்னால் வாசிக்கப் பயம். யாராவது துணிந்து வாசித்தால், நான் முன்வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் தப்பாகச் சொன்ன சொல்லை உதட்டால் திருத்தி அசைப்பேன். சத்தம் வராது. ஆனால் அவர்கள் கண்ணில் படாமல் போகாது. பைபிளில் மேய்ப்பன் வராத பக்கம் குறைவு, எங்கள் ஊரில் அந்தச் சொல்லை 'ஷெஃபர்ட்' என்று சொல்லாத ஆள் அதைவிடக் குறைவு. 'ஷெப்பட்' என்று என் உதடு அசையும். வாசிக்கிறவர் அடுத்த வரியில் தடுமாறுவார். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. இதை எழுதும்போது காதுமடல் சுடுகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊட்டிக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் இங்கிலீஷ் வெயிலில் கெட்டுவிடும், மேலே குளிரில் கெடாமல் இருக்கும் என்று, ஏதோ கேரட், முட்டைக்கோஸ் மாதிரி. அந்த நினைப்பில் பாதியை வளர்த்தவள் நான்தான். என் வகுப்பில் 'கார்ட்' என்று ஒரு பிள்ளை சொன்னால் 'ர்' எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். வெள்ளைக்காரன் 'ர்' சொல்லமாட்டான், விழுங்கிவிடுவான், நீயும் விழுங்கு என்பேன். என் மேசை டிராயரில் ஒரு கைக்கண்ணாடி இருந்தது. 'வி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் வித்தியாசம் வராத பிள்ளையை அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நிற்கச் சொல்வேன். பல் உதட்டில் படுகிறதா என்று அது தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் சீக்கிரம் வரும் என்று நம்பினேன்.

இத்தனைக்கும் இங்கிலாந்தை நான் பார்த்ததில்லை. ஒரு வெள்ளைக்காரரோடு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என் டீச்சரிடம் கற்றதும், லண்டன் வானொலிச் செய்தியைக் கேட்டுக் கேட்டுக் கூடவே சொல்லிப் பழகியதும்தான். ஆனால் இங்கிலாந்து எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லித்தான் அத்தனை வருஷமும் சம்பளம் வாங்கினேன்.

என் கணவர் கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல இங்கிலீஷ். தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடும். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். 'வெஜிடேபிள்' என்பார், 'வெட்னஸ்டே' என்பார், 'ஷெஃபர்ட்' என்பார். அந்த எஸ்டேட்டில் மழைக்காலத்தில் போன் லைன் இரைச்சலாக இருக்கும். அதனால் ஹெட் ஆபீசிலிருந்து எது சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். "ஐ ரிப்பீட், சார்" என்று ஆரம்பித்து, கேட்டதைத் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்லுவார். புரியாவிட்டால் "ஒன்ஸ் மோர், சார்" என்பார். வீட்டில் மளிகைக் கடைக்காரர் போன் செய்தாலும் இதே கதைதான். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவரைத் திருத்த ஆரம்பித்தேன். விருந்தாளிகள் முன்னால், பிள்ளைகள் முன்னால், ஆயர் முன்னால். சண்டை போடுகிற மனுஷர் இல்லை. "சரிங்க டீச்சர்" என்று சிரிப்பார். எப்போது நிறுத்தினார் என்று கவனிக்கவில்லை, ஆனால் என் எதிரில் இங்கிலீஷ் பேசுவதை விட்டுவிட்டார். பேங்கிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ இங்கிலீஷில் போன் வந்தால் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய்விடுவார். டவர் அங்கேதான் கிடைக்கிறது என்பார். எங்கள் ஃபெர்ன்ஹில் வீட்டில் டவர் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

போன சீசனுக்குச் சற்று முன்னால் ஒரு வியாழக்கிழமை ஆயர் போன் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், வந்து அதிக நாள் ஆகவில்லை.

"டீச்சரம்மா, ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்காவ. பழைய கல்லறைத் தோட்டத்துல ஏதோ கல்லறையத் தேடுதாவ. அவுக பேசுறது எனக்குப் பிடிபடல. நீங்க வந்தாத்தான் சரிப்படும்."

இந்த மாதிரி ஒரு போனுக்காகத்தான் என் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்று தோன்றியது. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டினேன். மழை பெய்து வழி வழுக்கும் என்று கணவரும் குடையோடு கூட வந்தார்.

வெள்ளைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். உயரம், வெயில் பட்டுச் சிவந்த முகம், கம்பளித் தொப்பி. நான் கையைக் கூப்பி, லண்டன் வானொலி கேட்டால் தன் ஆள் என்று நினைக்கும்படி, வரவேற்று இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பதில் சொன்னார்.

ஒன்றும் புரியவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், முப்பது வருஷம் நான் பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கி எறிந்த 'ர்' அத்தனையும் இந்த வெள்ளைக்காரர் வாயில் உருண்டு உருண்டு வருகிறது என்பதுதான். நம் ஊர் ரகரத்தைவிடக் கெட்டியாக உருண்டது. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. ஆயர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புன்னகை செய்து தலையாட்டினேன்.

வந்தவர் ஒரு பெயரைக் காட்டினார், போனில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அது போதுமானதாக இருந்தது. பழைய வரிசையில், உண்ணிச்செடிக்குள் மறைந்து கிடந்த ஒரு சின்னக் கல்லை என் கணவர்தான் செடியை விலக்கிக் கண்டுபிடித்தார். நான்கு வயதுக் குழந்தை. வந்தவர் ஈரத்தில் அப்படியே முழங்கால் போட்டார். கல்லின் பாசியை விரலால் துடைத்தார். பிறகு எழுந்து என்னிடம் நிறையப் பேசினார். 'மதர்' என்று கேட்டது, 'சிஸ்டர்' என்று கேட்டது, 'சண்டே' என்று கேட்டது. கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஏதோ கேட்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

என்ன கேட்டார் என்று இப்போது எனக்குத் தெரியும். கல்லறையில் இருப்பது அவருடைய அம்மாவின் தங்கை. அம்மா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனாள். அவள் சாம்பலைக் கொண்டுவந்திருக்கிறார். தங்கையோடு தன்னைச் சேர்த்துவிடச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இந்தக் குழியிலேயே அதை வைக்கலாமா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். இதுதான் கேட்டது.

நான் "ஆஃப் கோர்ஸ்" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலும். இன்னொரு முறை, இன்னும் நீளமாகக் கேட்டார். அப்போது என் பக்கத்தில் கணவர் வாயைத் திறந்தார். "சார், ஒன்ஸ் மோர்…" என்பது வரை வந்துவிட்டது. நான் புடவைத் தலைப்புக்குள்ளே அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். நிறுத்திவிட்டார். ஆயர் பக்கத்தில் நிற்கும்போது, எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். "சர்ட்டன்லி. நோ ப்ராப்ளம் அட் ஆல்" என்றேன், 'ர்' ஒன்றைக்கூட வெளியே விடாமல்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கணவர் கேட்டார். "டீச்சர், அவரு என்ன கேட்டாரு?"

"கல்லறையச் சுத்தம் பண்ணி ஞாயித்துக்கிழமை பூ வைக்கலாமான்னாரு."

"எனக்கென்னமோ வேற மாதிரி பட்டுது. அழுதாரே?"

"பூ வைக்கிறதுக்கு அழமாட்டாங்களா?"

பூ என்பதை நானாகவே சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் பூவைத்தான் கேட்டார் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆயரிடமும் போனில் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளைக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அன்றைக்கு வாசித்ததுபோல் அதற்கு முன் வாசித்ததில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கையில் ஒரு மரப்பெட்டியை அணைத்தபடி நிற்கிறார். இன்னொரு கையில் ஹோட்டல் தோட்டக்காரரிடம் வாங்கிவந்த சின்ன மண்வெட்டி. போனை மேல்பையில் வெளியே பார்க்கும்படி செருகியிருந்தார். அதன் திரையில் அவர் மகள் தெரிந்தாள், கறுப்பு உடையில், அவள் ஊரில் எந்நேரமோ.

சபைச் செயலாளர் பேங்க் மேனேஜராக இருந்தவர். மண்வெட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னங்க இது? பழைய தோட்டத்துல புதுசா அடக்கம் கெடையாதுன்னு போர்டே வச்சிருக்குதே. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். யாரு இவருக்கு பர்மிஷன் குடுத்தது?"

வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேள்வி எது என்று புரிந்துவிட்டது. சிரித்த முகத்தோடு என்னைக் கையால் காட்டினார். தமிழ் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

அந்த இடத்தில் ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதுமாக இருந்தது. நான் சொன்னது இதுதான்.

"நான் அப்பிடி எதுவும் சொல்லலீங்க. பூ வைக்கத்தான் கேட்டாரு. இவரு பேசறது எங்க தெளிவா இருக்குது?"

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவர் பக்கம் திரும்பி, உங்கள் தரப்பில் ஏதோ தவறான புரிதல் நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன் என்று என் சுத்தமான லண்டன் குரலில் சொன்னேன். அவர் பேசுவதுதான் எனக்குப் புரியாது. நான் பேசுவது அவருக்கு ஒரு எழுத்து விடாமல் புரியும். புரிந்தது. முகம் அப்படியே வற்றிப்போனது. போனுக்குள் மகள் ஏதோ கேட்டாள். அவர் அதை அணைத்தார். மண்வெட்டியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டியைத் தொப்பியால் மூடிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையில் தொப்பி இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. டீச்சருக்குப் புரியாமல் போகுமா என்று செயலாளரே எனக்காகப் பேசினார். நான் கணவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வைத்தேன். இருவரும் உட்கார்ந்தோம். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் கேக்க வந்தேன்" என்றார்.

"தெரியுமுங்க."

"நீ கையப் புடிச்சே."

"தெரியுமுங்க."

"புரியலீன்னா புரியலீன்னு சொல்றதுல என்ன இருக்குது? ஆபீசுல நானு வெளங்காம சரி சார் போட்டிருந்தா, லாரி கூடலூருக்குப் பதிலா கோயமுத்தூருக்குப் போயிருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அன்னிக்கு மதர்னு சொன்னாருல்ல, அந்தப் பெட்டியில இருக்கறது அவங்கதான். அந்தாளு அவங்கம்மாவத் தூக்கீட்டு மழையில போறாரு."

நான் அழுதேன். அழுதது அந்த மனுஷருக்காகவா எனக்காகவா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தில் வருகிற அழுகைக்கு எதிராளி ஞாபகம் அவ்வளவாக இருப்பதில்லை. கணவர் கையைக் கழுவிவிட்டு வந்து என் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார். "எந்திரி. போலாம்."

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஹோட்டல். வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பெட்டி எதிரே மேசைமேல், அதன் பக்கத்தில் ஆறிப்போன டீ. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் நான் அழகான வாக்கியங்களாகக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். எதிரில் நின்றபோது அவற்றில் ஒன்றும் இல்லை.

"சார், நீங்கள் அன்றைக்குப் பேசியதில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினேன். இன்றைக்குப் பொய் சொன்னேன். எல்லாம் என் தப்பு" என்று இங்கிலீஷில் சொன்னேன். 'சார்' என்ற சொல்லில் 'ர்' முழுசாக வந்து விழுந்தது.

அவர் நாற்காலியைக் காட்டினார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். லண்டனில் கடைக்குப் போனால் அங்கேயும் அவர் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதாம். ஆனால் அவர்கள் திருப்பிக் கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சார், யூ டெல். ஸ்லோலி. ஐ வில் ரிப்பீட்."

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் எதிரில் அவர் பேசி முடித்த முதல் இங்கிலீஷ். வந்தவர் ஒரு துண்டு சொல்வார். என் கணவர் அதை எஸ்டேட் போனில் சொல்வதுபோல் திருப்பிச் சொல்வார். உங்கள் அம்மா பிறந்தது கட்டபெட்டு. அப்பா அங்கே தோட்டத்தில் துரை. தங்கைக்குக் காய்ச்சல், ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், இங்கேயே இறந்தாள். புதுக் கல்லறை வேண்டாம். சிமெண்டு வேண்டாம். பெயர்கூட வேண்டாம். புல்லைத் தூக்கிவிட்டுச் சாம்பலை வைத்து மூடினால் போதும். கணவருக்கும் எல்லாம் உடனே பிடிபட்டுவிடவில்லை. பல இடத்தில் "ஒன்ஸ் மோர், சார்" என்றார். அவர் கேட்கக் கேட்க எனக்கும் அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

வந்தவர் பாதியில் சொல்வதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கணவர் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று என் முகத்தைப் பார்த்தார். தப்பில்லை. அவர் அந்தக் குரலைத்தான் கேட்க விரும்பினார்.

அவருடைய அம்மா ஒன்பது வயது வரை கட்டபெட்டில் வளர்ந்தவள். ஆயாக்களோடும் கணக்குப்பிள்ளைகளின் பிள்ளைகளோடும் பேசி வளர்ந்த இங்கிலீஷ் அவளுடையது. நம் ஊர் இங்கிலீஷ். ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் வாயைத் திறந்தாலே சிரித்தார்களாம். அதைப் போக்க ஒரு டீச்சர் அவளைத் தினமும் கண்ணாடி முன்னால் நிறுத்தி உரக்க வாசிக்க வைத்தாராம். போய்விட்டது. மகனே அதைக் கேட்டதில்லை. கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, முதியோர் இல்லத்தில் கிடந்தபோது அது திரும்பி வந்திருக்கிறது. இல்லாத தங்கையோடு பகலெல்லாம் அந்தக் குரலில் பேசினாளாம். அம்மா உளறுகிறாள் என்றார்களாம் நர்ஸுகள். உங்களைப் போலத்தான் பேசினாள் என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

கண்ணாடி என்று அவர் சொன்னதுமே என் மேசை டிராயர்தான் நினைவுக்கு வந்தது. என்னிடம் அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கிறது. ஓய்வு பெறும்போது ஞாபகத்துக்கு என்று எடுத்துவந்தேன்.

அனுமதி கிடைத்தால் அன்றைக்கு வேதபாடம் நீங்கள் வாசிக்க வேண்டும் என்று வந்தவர் என் கணவரிடம் கேட்டார்.

"நோ, நோ, சார். டீச்சர் வில் ரீட்."

வந்தவர் என் பக்கம் திரும்பி மரியாதையாகவே சொன்னார். நீங்கள் மிக அழகாக வாசித்தீர்கள். ஆனால் என் அம்மாவுக்கு அந்தக் குரல் வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் ஆயரையும் செயலாளரையும் பார்க்கப் போனோம். "நாந்தாங்க சரின்னு சொன்னேன். அவரு பேசினது எனக்குப் புரியலீங்க. புரியாமத் தலையாட்டீட்டு, நேத்து உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்றேன்.

"உங்களுக்காங்க புரியல?" என்றார் செயலாளர். கேலியில்லை, நிஜமாகவே நம்ப முடியாமல் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. புதுக் கல்லறை இல்லை, சிமெண்டு இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு மறுப்பில்லை. "இத மொதல்லயே கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார். ஆயர் மேலிடத்துக்குப் போன் செய்தார். பழைய குடும்பக் கல்லறையில் சாம்பல் வைப்பதற்குத் தடையில்லை என்று மத்தியானமே பதில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை என்று முடிவாயிற்று. வந்தவர் மறுநாள் ஊர் திரும்ப வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலமே தண்ணீர்த் தொட்டியடியில் குரல் கேட்டது. கணவர் பைபிளை வைத்துக்கொண்டு வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். 'ஷெப்பட்… ஷெப்பட்…' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 'ர்' எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அப்பிடி வேண்டாமுங்க" என்றேன். "உங்க மாதிரியே வாசிங்க. அவரு அதைத்தான கேட்டாரு."

"என்ற மாதிரின்னா எப்பிடி?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நீ திருத்தித் திருத்தி எது என்னுதுன்னே எனக்குத் தெரியல டீச்சர்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பொய் சொன்னது ஒரு நாள் வேலை. இது கல்யாணமான நாளிலிருந்து செய்த வேலை.

செவ்வாய்க்கிழமை மலை முழுக்கப் பனி. கல்லறையைச் சுற்றி நாங்கள் இருவரும், ஆயரும், செயலாளரும், அவரும், அவர் மேல்பையில் போனுக்குள் அவர் மகளும். ஆயர் ஜெபம் செய்தார். வந்தவர் முழங்கால் போட்டு, பெட்டியிலிருந்ததைக் குழிக்குள் வைத்து, கையாலேயே மண்ணைத் தள்ளி, புல்லை மேலே எடுத்து வைத்துத் தட்டினார். பிறகு எழுந்து என் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

கணவர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் வார்த்தைகள் என் குரலில் வந்தன. நான் வாசிக்கிற இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, லண்டன் வானொலியைப் பார்த்து நான் செய்ததை அவர் என்னைப் பார்த்துச் செய்தார். பாவமாக இருந்தது. வந்தவர் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அந்த மேய்ப்பன் வருகிற இடம். கணவர் நிறுத்தினார். பைபிளிலிருந்து கண்ணைத் தூக்கி என் உதட்டைப் பார்த்தார்.

என் வகுப்பில் கண்ணாடியோடு நின்ற பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான் அங்கே நிற்கிற வரைக்கும் அவருக்கு அவர் குரல் வராது என்று அப்போதுதான் விளங்கியது. குடையை எடுத்துக்கொண்டேன். கல்லறை வரிசைகளுக்கு நடுவே நடந்து, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு காய்கறி லாரி லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறிப் போயிற்று. அதன் சத்தம் அடங்குகிற வரை உள்ளே பேச்சில்லை.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றையும் விழுங்காமல், லைன் சரியில்லாத போனில் தூரத்து ஆளுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் உரக்க வாசித்தார். வந்தவர் விசும்புவது ரோடு வரைக்கும் கேட்டது.

'ஷெஃபர்ட்' என்றார் என் கணவர்.

'ஷெப்பட்' என்று என் உதடு தானாக அசைந்தது. ரோட்டில் பார்க்க யாரும் இல்லை. இருந்தாலும் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் வாசித்து முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.